கதையின் முடிவு யார் கையில்? – ஜோன் ஹாரிசனின் திரைவாழ்வு



ஆல்பிரட் ஹிட்ச்காக் என்ற பெயரை அறியாதவர் நம்மிடையே குறைவு. அவருடைய படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர்களும், பருத்த உடலும் தொங்கும் கன்னமும் நிதானமான பேச்சும் கொண்ட அந்த மனிதரைப் படத்தில் கண்டால் அடையாளம் சொல்லிவிடுவர். அந்த முகத்தை உலகறியச் செய்தது திரைப்படத்தைக் காட்டிலும் தொலைக்காட்சியே ஆகும். 1955ஆம் ஆண்டு தொடங்கி 1962 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஆல்பிரட் ஹிட்ச்காக் வழங்கும்’ என்னும் அரைமணி நேரத் தொடர், 268 கதைகளைச் சொல்லி முடித்தது. அவற்றுள் ஹிட்ச்காக் தாமே இயக்கியவை 17 மட்டுமே. எஞ்சியவற்றுக்கெல்லாம் கதை தேடியது யார்? எழுத்தாளரை அமர்த்தியது யார்? இயக்குநரையும் நடிகரையும் தெரிவு செய்து, படப்பிடிப்பை நடத்தி, வெட்டியொட்டி ஒளிபரப்புக்கு அனுப்பியது யார்? இவ்வினாக்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே விடைதான்: ஜோன் ஹாரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

செயலாளராக நுழைந்து, திரைக்கதை ஆசிரியராகி, திரைப்படத் தயாரிப்பாளராகி, பின்னர் தொலைக்காட்சித் தயாரிப்பாளரானவர் அவர். இந்த ஏற்றத்தை மட்டும் சொல்வதாயின் நான்கு பத்தியில் முடித்துவிடலாம். நான் எழுத முற்பட்டதற்குக் காரணம் வேறு. அவருடைய வாழ்க்கையை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதையின் முடிவைப் பற்றிய சச்சரவு நிற்கிறது. கதை எப்படி முடியவேண்டும், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அச்சச்சரவு. கட்டுரை நோட்டுகளைத் திருத்துகின்ற நமக்கும், பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் எதைப் பார்க்கக்கூடாது என்று வீட்டில் நாள்தோறும் வழக்காடும் பெற்றோருக்கும் இது அயலான செய்தியன்று.

ஜோன் ஹாரிசன் 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் சர்ரி மாவட்டத்திலுள்ள கில்ட்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் உள்ளூர்ச் செய்தித்தாள் வெளியீட்டாளர். ஆக்ஸ்ஃபர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரியிலும் பாரிஸின் சோர்போனிலும் பயின்றார். திரைப்படங்களைப் பற்றி மாணவர் இதழில் எழுதினார். குற்ற வழக்குகளில் அவருக்கிருந்த நாட்டம் இளமையிலேயே தொடங்கியது. இலண்டனின் புகழ்பெற்ற குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியில் உறவினர் ஒருவர் பணியாற்றியதால், அங்கே சென்று விசாரணைகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது. நல்ல குடும்பத்துப் பெண் கொலை வழக்குகளைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதா என்று அக்காலத்தில் முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கக்கூடும். ஆனால் பிற்காலத்தில் அவருக்குச் சோறிட்டது அந்த நாட்டமே.

1933ஆம் ஆண்டு, திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவருக்குச் செயலாளர் தேவை என்ற செய்தித்தாள் விளம்பரத்தைக் கண்டு அவர் விண்ணப்பித்தார். அழைத்தவர் ஹிட்ச்காக். வேலை கிடைத்தது. ஆனால் தட்டச்சும் கடிதப் போக்குவரத்தும் அவருக்கு ஒத்துவரவில்லை. விரைவிலேயே அவருடைய உண்மையான பணி வாசிப்பதாக மாறிற்று. படமாக்கத் தகுந்த நாவல்களையும் நாடகங்களையும் படித்து, சுருக்கம் எழுதி, இது தேறும் இது தேறாது என்று கருத்துரைப்பது; பின்பு திரைக்கதை விவாதங்களில் அமர்வது. ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா ரெவில் தாமே திரைக்கதையிலும் படத்தொகுப்பிலும் தேர்ந்தவர். இம்மூவரும் சேர்ந்து ஒரு கதையைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கும் அந்த ஆண்டுகளே ஹாரிசனின் பயிற்சிக் கல்லூரி. 1934இல் வெளியான ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தில் ஒரு சிறு வேடத்திலும் அவர் தோன்றினார், அதை விட்டுவிடலாம். திரைக்கதை ஆசிரியராக அவர் பெயர் முதலில் வந்தது ‘ஜமைக்கா இன்’ என்ற படத்தில், 1939இல்.

அதே 1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், டேவிட் செல்ஸ்னிக் என்ற பெருந்தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தின்பேரில் ஹிட்ச்காக் குடும்பத்தார் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஹாரிசனும் உடன் சென்றார்.

அங்கே அவர் கைவைத்த முதல் படம் ‘ரெபெக்கா’. டாஃப்னி டு மோரியே 1938இல் எழுதிய நாவல் அது. ஹிட்ச்காக் குழு முதலில் எழுதிக் கொடுத்த கதைச்சுருக்கத்தைச் செல்ஸ்னிக் கடுமையாகக் கண்டித்து நிராகரித்தார். நாவலை விரும்பிப் படித்த இலட்சக்கணக்கானோர் எதிர்பார்ப்பது அந்த நாவலைத்தான், உங்கள் கற்பனையையன்று என்பது அவர் வாதம். ஆகவே திரைக்கதை நாவலை ஒட்டியே திருத்தி எழுதப்பட்டது. ஆனால் நாவலின் நடுநாடியான ஒரு செய்தியை மட்டும் மாற்றித்தான் ஆகவேண்டியிருந்தது. நாவலில் கணவன் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான், தண்டனையின்றித் தப்புகிறான். அக்காலத்து ஹாலிவுட்டில் ‘தயாரிப்பு நெறிமுறை’ என்றொரு சட்டதிட்டம் இருந்தது. 1934 முதல் கண்டிப்பாகச் செயல்படுத்தப்பட்ட அந்நெறிமுறையின் அலுவலகம் ஒப்புதல் தராத படத்தைப் பெரிய திரையரங்குகளில் காட்ட இயலாது. கொலை செய்தவன் இன்புற்று வாழ்வதாகக் கதை முடிதல் கூடாது என்பது அதன் விதிகளுள் தலையாயது. எனவே திரையில், ரெபெக்கா இடறி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தாள் என்றாக்கப்பட்டது. கணவன் குற்றவாளி அல்லன், விபத்தை மறைத்தவன் மட்டுமே என்றாயிற்று. சொல்லுக்குச் சொல் நாவலைக் காப்பாற்றப் போராடிய செல்ஸ்னிக்கும் இதில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1940ஆம் ஆண்டின் சிறந்த படமாக ‘ரெபெக்கா’ ஆஸ்கார் பெற்றது. அவ்வாண்டு ஹாரிசனின் பெயர் இரு திரைக்கதைப் பிரிவுகளில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ராபர்ட் ஷெர்வுட்டுடன் இணைந்து எழுதிய ‘ரெபெக்கா’ ஒன்று. சார்லஸ் பென்னட்டுடன் இணைந்து எழுதிய ‘ஃபாரின் கரஸ்பாண்டன்ட்’ மற்றொன்று. அசல் திரைக்கதை என்ற பிரிவே அவ்வாண்டுதான் புதிதாகத் தொடங்கப்பட்டது. அதன் முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற பெண் இவர். பரிசு இரண்டிலும் பிறர்க்குச் சென்றது. ஏழாண்டுகளுக்கு முன் விளம்பரம் பார்த்து வேலைக்கு வந்த செயலாளருக்கு இது சிறிய உயரமா?

அடுத்து வந்தது ‘சஸ்பிஷன்’, 1941இல். மூல நாவலில் கணவன் உண்மையிலேயே கொலைகாரன்; அவன் தரும் நஞ்சு கலந்த பாலை அறிந்தே அருந்துகிறாள் மனைவி. கணவனாக நடித்தவரோ மக்களின் அன்புக்குரிய கேரி கிராண்ட். அவரைக் கொலைகாரனாகக் காட்ட நிறுவனத்துக்கு மனம் வருமா? ஆகவே படத்தின் கடைசி நிமிடங்களில், அனைத்தும் மனைவியின் வீண் ஐயமே என்று கதை திரும்பிக்கொள்கிறது. சாம்சன் ராபெல்சன், ஆல்மா ரெவில் ஆகியோருடன் ஹாரிசனும் அத்திரைக்கதையை எழுதியவர். மனைவியாக நடித்த ஜோன் ஃபோன்டெய்ன் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பெற்றார். ஆயினும் முக்கால் படம் வரை இறுகிக்கொண்டே வந்த கயிறு இறுதியில் அவிழ்ந்து விழுவதைப் பார்ப்பவர் எவரும் உணர்வர். நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அந்த முடிவை நம்ப முடியவில்லை.

‘சபட்டூர்’ என்ற அடுத்த படத்தின் திரைக்கதைப் பணியோடு ஹாரிசன் ஹிட்ச்காக்கிடமிருந்து விடைபெற்றார். சண்டையில்லை, தனித்து நிற்கவேண்டும் என்ற வேட்கைதான். அவ்வேட்கை உடனே நிறைவேறிவிடவில்லை. எழுதிய கதைகளைப் பிறர் மாற்றியமைப்பதைக் கண்டு மனம் சலித்திருந்தார். எழுத்தாளரின் சொல் படப்பிடிப்புத் தளத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே தயாரிப்பாளரின் சொல்லே செல்லும். ஆகவே தயாரிப்பாளராவதே வழி என்று அவர் முடிவு செய்தார். அன்றைய ஹாலிவுட்டில் பெண் தயாரிப்பாளர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கொலம்பியாவில் வர்ஜீனியா வான் அப், ஆர்.கே.ஓ.வில் ஹாரியட் பார்சன்ஸ், யூனிவர்சலில் ஜோன் ஹாரிசன் என்று மூவரைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுவர். வான் அப் அம்மையாரும் திரைக்கதை எழுதி வந்தவரே என்பது கவனிக்கத்தக்கது.

யூனிவர்சலில் ஹாரிசன் பொறுப்பேற்ற முதல் படம் ‘ஃபேன்டம் லேடி’, 1944. கார்னெல் வூல்ரிச் புனைபெயரில் எழுதிய நாவல். இயக்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்த ராபர்ட் சியோட்மாக். மனைவியைக் கொன்றதாக மரணதண்டனை பெற்ற பொறியாளர் ஒருவரைக் காப்பாற்ற, அவருடைய அலுவலகச் செயலாளரான இளம்பெண் நள்ளிரவு நகரத்தில் தனியே துப்புத் துலக்கப் புறப்படுகிறாள். அதுவரை இத்தகைய படங்களில் பெண்ணுக்கு இரண்டே வேலை: கொலையுண்டு கிடப்பது, அல்லது நாயகனை ஏய்ப்பது. கதையை நடத்திச் செல்பவளாக ஒரு செயலாளர் வந்ததைப் பார்க்கையில், தயாரிப்பாளரின் பழைய வேலை நினைவுக்கு வராமற் போகாது. எல்லா ரெய்ன்ஸ் என்ற நடிகை அவ்வேடத்தை ஏற்றார். படம் வெற்றி பெற்றது. இன்று ‘ஃபிலிம் நுவார்’ எனப்படும் இருண்மைக் குற்றப்பட வகைக்கு முன்னோடிகளில் ஒன்றாகத் திரைப்பட வரலாற்று நூல்கள் அதைக் குறிக்கின்றன.

இனி 1945ஆம் ஆண்டுக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை இங்குதான் இருக்கிறது.

தாமஸ் ஜாப் எழுதி நியூயார்க்கில் நடிக்கப்பெற்ற நாடகத்தைத் தழுவி, ‘அங்கிள் ஹாரியின் விந்தை நிகழ்வு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஹாரிசன் ஒரு படம் தயாரித்தார். இயக்கம் மீண்டும் சியோட்மாக். சிற்றூரில் இரு சகோதரிகளோடு வாழும் சாதுவான ஒருவன். தன் திருமணத்தைத் தடுத்த தங்கையைக் கொல்ல நஞ்சு வைக்கிறான். நஞ்சை அருந்தி இறந்தவள் மூத்தவள். பழியோ தங்கை மீது விழுகிறது. அவள் தூக்குக்குப் போகிறாள். அவன் உண்மையை ஒப்புக்கொள்ள முன்வரும்போது ஒருவரும் நம்புவதில்லை. தண்டிக்க ஆளில்லாமல் தன் மனச்சான்றோடு காலமெல்லாம் வாழவேண்டியதே அவனுக்குத் தண்டனை. தூக்குக் கயிற்றைவிடக் கொடியது அன்றோ அது? ஆனால் நெறிமுறை அலுவலகத்தின் கணக்கில் மனச்சான்று ஒரு தண்டனையாகாது. குற்றவாளி வெளியே நடமாடுகிறான். ஆகவே முடிவை மாற்றவேண்டும். பல முடிவுகள் எடுத்துப் பார்க்கப்பட்டன. இறுதியில் திரைக்கு வந்த முடிவு யாதெனில், நஞ்சும் மரணமும் தூக்கும் நடந்தவையே அல்ல. ஹாரி மனத்தில் கண்ட கனவு.

ஆசிரிய நண்பர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பர். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வகுப்பில் கற்பனைக் கதை எழுதச் சொன்னால், முப்பது நோட்டுகளில் பத்து நோட்டாவது “திடீரென்று விழித்தேன், அத்தனையும் கனவு” என்றுதான் முடியும். புலி துரத்தி, பாறை உருண்டு, வெள்ளம் பெருகி, இனிக் கதாநாயகனை எப்படி மீட்பது என்று தெரியாத இடத்தில் அம்மா வந்து எழுப்பிவிடுவார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் அம்மாக்கள் இவ்வாறு எழுப்பிய பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. சிறுவர் அப்படி எழுதுவது சிக்கிக்கொண்டதனால். படித்த பெரியவர்கள் கூடி, நன்றாக முடிந்திருந்த ஒரு கதையில் அதே கனவைக் கொண்டுவந்து திணித்தது அச்சத்தினால். இரண்டில் சிறுவரை மன்னிக்கலாம்.

ஹாரிசன் மன்னிக்கவில்லை. யூனிவர்சல் நிறுவனத்தின் பணியைத் துறந்து வெளியேறினார். பெண் தயாரிப்பாளருக்கு வாய்ப்பே அரிதாயிருந்த ஊரில், கையிலிருந்த நல்ல வேலையை ஒரு கதையின் முடிவுக்காக விட்டுச் செல்வது எத்தனை பேரால் இயலும்? வேறொரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கொள்கை பேசுவது எளிது. அவர் எழுத்தாளராக இருந்தவரை, மாற்றப்பட்ட முடிவுகளைச் சகித்தார். தயாரிப்பாளர் என்ற பெயர் வந்த பிறகும் அந்த அதிகாரம் தம்மிடம் இல்லை என்று கண்டபோதுதான் புறப்பட்டார்.

அதன்பின் ஆர்.கே.ஓ.வுக்காக ‘நாக்டர்ன்’ (1946), ‘தே வோன்ட் பிலீவ் மீ’ (1947) ஆகிய படங்களைத் தயாரித்தார். மீண்டும் யூனிவர்சலோடு சேர்ந்து ‘ரைடு தி பிங்க் ஹார்ஸ்’ (1947) படத்தைத் தந்தார். ராபர்ட் மான்ட்கோமரி இயக்கி நடித்த இப்படம் அவற்றுள் சிறந்தது. வேறு சில படங்களும் உண்டு. அவை நினைவில் நிற்பவையல்ல.

இதற்கிடையே ஹாலிவுட்டின் அடித்தளமே ஆட்டங்கண்டது. படம் எடுக்கும் நிறுவனங்களே திரையரங்குகளையும் வைத்திருக்கக்கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபுறம் தொலைக்காட்சிப் பெட்டி வீடு வீடாக நுழைந்தது. 1955இல் அமெரிக்க வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது இருந்தது. (நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1963 டிசம்பர் 28இல், சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரி 15இல்.) பெரிய திரையின் மேன்மக்கள் சின்னத்திரையை இழிவாகக் கருதிய நேரத்தில் ஹாரிசன் தயங்காமல் அங்கே சென்றார். 1954இல் ‘ஜேனட் டீன்’ என்ற தாதியைப் பற்றிய தொடரைத் தயாரித்தார். தாதியாக நடித்தவர் அவருடைய பழைய எல்லா ரெய்ன்ஸ்.

1955இல் ஹிட்ச்காக்குக்குத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கான அழைப்பு வந்தது. அவரோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய படங்களை இயக்கிக்கொண்டிருந்தவர். வாரந்தோறும் ஒரு கதை என்றால் யாரேனும் ஒருவர் முழுநேரமும் அதிலேயே மூழ்கவேண்டும். தம் சுவையை அறிந்தவராகவும் தம் ஒப்புதலுக்காகக் காத்திராமல் செயல்படுபவராகவும் அவர் இருக்கவேண்டும். அவர் ஹாரிசனை அழைத்தார். 1955 அக்டோபர் 2ஆம் நாள் சி.பி.எஸ். அலைவரிசையில் முதல் கதை ஒளிபரப்பாயிற்று.

இத்தொடர் நடந்த விதம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. ஒரு கதையைப் படமாக்கக் கிடைத்தது ஏறத்தாழ மூன்று நாள். விளம்பரம் போக, திரையில் இருபத்தைந்து நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம். இதில் பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, சிக்கலை முடிச்சிட்டு, எதிர்பாராத இடத்தில் அவிழ்க்கவேண்டும். புதிதாகக் கதை புனையச் சொல்லி வாரந்தோறும் நல்லதை எதிர்பார்ப்பது வீண் என்று ஹாரிசன் உணர்ந்திருந்தார். அச்சில் வந்து வாசகரிடம் தேறிய சிறுகதைகளையே பெரிதும் தேடினார். ரோல்டு டால், ஜான் கொலியர், ஸ்டான்லி எலின், ரே பிராட்பரி, ஹென்றி ஸ்லெசர் முதலியோர் கதைகள் இவ்வாறு திரையேறின. இருபதாண்டுகளுக்கு முன் இலண்டனில் நாவல்களைப் படித்துச் சுருக்கம் எழுதிய அதே வேலைதான் இது, இப்போது நூற்றுக்கணக்கில். ஒரு கதையை எழுதத் தெரிந்தவரே அதன் எலும்பைத் தொட்டுப் பார்த்து, மூன்று நாளில் நிற்குமா சாயுமா என்று சொல்ல முடியும். எழுதுவோரையும் பழைய தோழமையிலிருந்தே பெற்றார். முன்பு அவரோடு இணைந்து திரைக்கதை எழுதிய மரியன் காக்ரெலும், ‘ஃபேன்டம் லேடி’யின் திரைக்கதை ஆசிரியர் பெர்னார்டு ஷோன்ஃபெல்டும் இத்தொடருக்கு எழுதினர். நடிகையாயிருந்து இயக்குநரான ஐடா லூபினோ சில கதைகளை இயக்கினார். ‘கண்ணாடிக் கண்’ என்ற கதையை இயக்கியமைக்காக ராபர்ட் ஸ்டீவன்ஸ் எம்மி விருது பெற்றார்.

முடிவுகள் என்னவாயின? தொலைக்காட்சியிலும் ஒழுக்க நெறிகள் உண்டு. விளம்பரதாரர்களின் அச்சம் அதைவிடப் பெரிது. குற்றவாளி தப்பக்கூடாது என்ற விதி இங்கும் துரத்திற்று. ஆனால் இம்முறை அதற்கோர் அழகான வழி கிடைத்தது. கதைக்கு முன்னும் பின்னும் ஹிட்ச்காக் தோன்றிப் பேசுவார். அப்பேச்சை எழுதியவர் ஜேம்ஸ் அலர்டைஸ் என்பவர். கதை தன் போக்கில், கொலைகாரர் தப்பியபடியே முடிந்துவிடும். பிறகு ஹிட்ச்காக் வந்து, அன்னார் பின்னர் பிடிபட்டார் என்று முகத்தில் சலனமின்றி ஓர் அறிக்கை வாசிப்பார். விதி நிறைவேறிற்று, கதையும் பிழைத்தது.

1958 ஏப்ரல் 13இல் ஒளிபரப்பான ‘லேம்ப் டு தி ஸ்லாட்டர்’ இதற்குத் தக்க சான்று. ரோல்டு டால் தம் சிறுகதைக்குத் தாமே திரைவடிவம் எழுத, ஹிட்ச்காக் இயக்கினார். தன்னைக் கைவிடப்போவதாகச் சொன்ன காவல் அதிகாரியான கணவனை, உறைந்து கல்லாய்க் கிடந்த ஆட்டுத் தொடையால் அடித்துக் கொல்கிறாள் மனைவி. பிறகு அதை அடுப்பில் வேகவைத்து, துப்புத் துலக்க வந்த காவலர்களுக்கே விருந்தாகப் பரிமாறுகிறாள். கொலைக் கருவி எங்கே என்று அவர்கள் பேசிக்கொண்டே உண்கிறார்கள். கதை அங்கே முடிகிறது. அதன்பின் ஹிட்ச்காக் தோன்றி, அப்பெண் இரண்டாம் கணவனையும் அவ்வாறே கொல்ல முயன்று பிடிபட்டாள் என்கிறார். காரணம், அந்தக் கணவன் குளிர்ப்பெட்டியின் மின்னிணைப்பைக் கொடுக்க மறந்துவிட்டானாம். இறைச்சி கூழாய்க் குழைந்து கிடந்ததாம். தணிக்கைக்காரர் கேட்ட நீதிபோதனையே அங்கு நகைச்சுவையாகிவிட்டது. 1945இல் கதைக்குள் புகுந்து அதைக் கெடுத்த அதே விதியை, பதின்மூன்று ஆண்டு கழித்துக் கதைக்கு வெளியே வாசலில் நிறுத்தி வைத்தார்கள். இவ்வழியைக் கண்டுபிடித்த பெருமை யாரோ ஒருவருக்கு மட்டும் உரியதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதனால் அதிகம் மகிழ்ந்திருக்கக்கூடியவர் யாரென்று ஊகிக்க முடிகிறது.

எப்போதும் வென்றார்கள் என்று எண்ணவேண்டா. ராபர்ட் பிளாக் எழுதிய ‘மந்திரவாதியின் சீடன்’ என்ற கதை 1962இல் படமாக்கப்பட்டும், மிகக் கொடூரம் என்று அமெரிக்க அலைவரிசை அதை ஒளிபரப்பவில்லை. அக்கதையின் முடிவை அறிந்தவன் என்ற முறையில், பிள்ளைகள் உறங்கச் செல்லாத நேரத்தில் அது வீட்டுக்குள் வராமற் போனதற்குப் பெற்றோர் வருந்தவேண்டியதில்லை என்பேன்.

இன்னொரு நிகழ்ச்சி. 1947 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமைக் கட்சித் தொடர்புடையோர் என ஐயுறப்பட்ட கலைஞர்களுக்கு வேலை மறுக்கப்பட்டு வந்தது. எழுதிவைக்கப்பட்ட பட்டியல், எழுதாத பட்டியல் என இரண்டும் உண்டு. ‘சபட்டூர்’ படத்தில் சுதந்திர தேவி சிலையின் உச்சியிலிருந்து விழுந்து சாகும் வில்லனாக நடித்த நார்மன் லாய்டு அதில் அகப்பட்டு வாய்ப்பிழந்திருந்தார். 1957இல் வேலைப்பளு கூடியபோது, துணைத் தயாரிப்பாளராக அவரை அமர்த்த ஹாரிசனும் ஹிட்ச்காக்கும் விரும்பினர். இவரைப் பற்றி ஒரு சிக்கல் உண்டென்று மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. எனக்கு இவர்தான் வேண்டும் என்ற கருத்தில் ஹிட்ச்காக் பதிலளிக்க, சிக்கல் மறைந்தது. லாய்டு வேலையை ஹாரிசனிடம் கற்றார். பின்னாளில் தொடரின் பொறுப்பையே ஏற்றார். 106 வயது வாழ்ந்து 2021இல் மறைந்தார். தம் மறுவாழ்வு அங்கே தொடங்கியதை அவர் நேர்காணல்களில் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு.

1962இல் தொடர் ஒரு மணி நேரமாக நீட்டப்பட்டு, மேலும் 93 கதைகளோடு 1965இல் நிறைவுற்றது. நீட்டியதில் இறுக்கம் தளர்ந்தது என்பது என் கருத்து. இருபத்தைந்து நிமிடத்தில் நிற்கும் கதைக்கு ஐம்பது நிமிடம் கொடுத்தால், பாத்திரங்கள் கதவைத் திறந்து மூடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. ஹாரிசனும் அக்காலத்தில் மெல்ல விலகலானார்.

1958இல் அவர் எரிக் ஆம்பிளர் என்ற புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியரை மணந்தார். மணமகளுக்கு வயது 51. இங்கே நமக்கொரு சுவையான செய்தி உண்டு. ஆம்பிளர் 1959இல் வெளியிட்ட ‘பேசேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்ற நாவல் மலாயாவில் தொடங்குகிறது. ரப்பர் தோட்டமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் கிரிஜா கிருஷ்ணன் என்ற இந்தியர், கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் மறைத்துவைத்த ஆயுதக் குவியலைக் கண்டுபிடித்து, அதை விற்றுத் தம் நெடுநாள் கனவான பேருந்து நிறுவனத்தைத் தொடங்கத் திட்டமிடுகிறார். தோட்டத்துக் கிராணியார் ஒருவரைக் கேலிப் பொருளாக்காமல், மதிநுட்பம் வாய்ந்தவராகப் படைத்த ஆங்கில நாவல்கள் எத்தனை? அவ்வாண்டு பிரிட்டிஷ் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் பரிசை அந்நாவல் பெற்றது. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெற்றோர்கள் படித்துப் பார்க்கலாம்.

ஹாரிசனின் குறிப்பிடத்தக்க இறுதித் தொடர் 1968இல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட ‘ஜர்னி டு தி அன்னோன்’; 17 கதைகள். பின்னர் கணவரோடு ஐரோப்பாவில் வாழ்ந்து, 1994 ஆகஸ்டு 14இல் இலண்டனில் காலமானார்.

அவரைப் பற்றிய முழுமையான வாழ்க்கை வரலாறு வெளிவர மேலும் 26 ஆண்டுகள் ஆயின. கிறிஸ்டினா லேன் என்ற பேராசிரியர் 2020இல் எழுதிய அந்நூலுக்கு, ஹாரிசன் முதன்முதலில் தயாரித்த படத்தின் பெயரையே, ‘ஃபேன்டம் லேடி’ என்று வைத்தார். மாயப்பெண் என்று நாம் சொல்லலாம். அந்நூலுக்கு 2021இல் எட்கர் விருது கிடைத்தது. ஹிட்ச்காக் இயக்கிய 17 கதைகளையும் பற்றிக் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. மற்ற 251 கதைகளைப் பற்றி அறிய விரும்புவோர் இந்நூலிலிருந்து தொடங்கலாம்.